நாற்பத்தோரு போல்ட்டும் ஓர் ஒப்பீட்டு வாரியமும்

வெர்லின் குச்சேராவின் தலை எப்போதும் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கிக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தே அப்படி ஆகிவிட்டது என்று அவர் மனைவி சொல்வாள். எங்கள் ஹார்வுட் மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் துப்பாக்கி மெக்கானிக். கொதிகலனுக்குப் பக்கத்து அறை அவருடையது. குளிர்காலத்தில் நெப்ராஸ்கா முழுக்க உறைந்து கிடக்கும்போது அவர் மட்டும் பனியனோடு உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார்.

நான் மார்லிஸ் ஓபெர்க். மாவட்ட அலுவலகத்தில் கூட்டங்களுக்குக் குறிப்பெடுப்பது என் வேலை. நடந்ததையெல்லாம் நேரில் இருந்து எழுதியவள் என்பதால் எனக்கு இதில் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

ஏப்ரல் மாதம் வருடாந்தரச் சுடும் பயிற்சி நடந்தது. அதில் கெண்ட்ரா வாஸ் என்கிற டெபுடியின், அதாவது ரோந்துக் காவலரின், ரைபிள் பாதியில் நின்றுவிட்டது. வெர்லின் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே முன்னும் பின்னும் ஓடி, தோட்டாவை அறைக்குள் தள்ளி, சுட்ட பிறகு வெறும் கூட்டை வெளியே எறிகிற இரும்பு உறுப்பு ஒன்று உண்டு. போல்ட் கேரியர் குரூப் என்று நீளமாக ஒரு பெயர் இருந்தாலும் எல்லாரும் போல்ட் என்றுதான் சொல்வோம். அதன் தலையில் பூவிதழ் மாதிரி சுற்றிலும் ஏழு பற்கள் இருக்கும். கெண்ட்ராவின் போல்ட்டில் ஆறுதான் இருந்தன. ஏழாவது, துடைக்கிற துணியில் வந்து விழுந்தது.

"சரி, ஒண்ணுதானே போச்சு, மிச்சம் ஆறு இருக்கே" என்றாள் கெண்ட்ரா.

"ஆறாவது போகும்போது உன் மூக்குகிட்ட போகும்" என்றார் வெர்லின்.

அன்றைக்கே அவர் மற்ற நாற்பது ரைபிள்களையும் திறந்தார். எல்லாம் ஒரே வருஷத்தில் வாங்கியவை, ஒரே வயசு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் இன்னும் பத்துப் போல்ட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தது. அவர் கைக்காசில் மூன்று வகைப் புது போல்ட் வாங்கி வந்தார். ஒன்று சாதாரணச் சாம்பல் நிறம், ஒன்று வெள்ளி மாதிரிப் பளபளப்பு, ஒன்று வழுவழுப்பான கறுப்பு. பிறகு மேலே ஒரு கடிதம் எழுதினார். அவர் வாழ்க்கையில் எழுதிய மிக நீளமான கடிதம் அது, நான்கு வரி. 'பழைய போல்ட்டுகள் விரிசல் விடுகின்றன. மூன்று வகையை ஆளுக்கு ஐயாயிரம் தோட்டா சுட்டுப் பார்த்து, குறைவாகத் தேய்வது எது என்று சொல்கிறேன். பத்து நாள் ஆகும். பிறகு நாற்பத்தொன்று வாங்கித் தரவும்.'

அந்தக் கடிதத்தில் 'குறைவாகத் தேய்வது எது' என்ற மூன்று சொற்களை அவர் எழுதாமல் இருந்திருக்கலாம். அவை ஒப்பீட்டைக் குறிக்கின்றன. ஒப்பீடு என்று வந்துவிட்டால் அது மாவட்டத் தளவாட ஒப்பீட்டு வாரியத்துக்குப் போக வேண்டும். அப்படி ஒரு வாரியம் இருப்பதே வெர்லினுக்கு அதுவரை தெரியாது. அமைக்கப்பட்டு ஏழு மாதம் ஆகியும் ஒப்பிடுவதற்கு ஒன்றும் வராமல் வாரியம் சோர்ந்து போயிருந்தது. கடிதம் வந்த அன்று தலைவர் கேக் வரவழைத்தார்.

தலைவர் தர்மன் பிக்ரெல். ஊரில் முப்பது வருஷமாகச் சவ அடக்க நிலையம் நடத்துகிறவர். மெல்லிய குரல், எப்போதும் துக்கம் விசாரிக்கிற முகம், கேக் சாப்பிடும்போதும் அதே முகம். இரண்டாவது உறுப்பினர் மாவட்ட வழக்கறிஞர் லோர்னா டீக். மூன்றாவது, தலைநகரத்திலிருந்து வரவழைக்கப்பட்ட ஆலோசகர் டாக்டர் பிரெஸ்டன் லைல். எதில் டாக்டர் என்று வெர்லின் என்னிடம் கேட்டார். ஒப்பிடுதலில் என்றேன். எதை எதோடு என்று கேட்டார். பொதுவாக, என்றேன்.

முதல் கூட்டத்தில் மூன்று போல்ட்டுகளும் பச்சை வெல்வெட் துணியின் மேல் வைக்கப்பட்டன. துணி பிக்ரெலின் கடையிலிருந்து வந்தது. சவப்பெட்டிக்குள் விரிப்பதற்கானது.

"இதுல தேய்மானம் எங்க இருக்கு?" என்று தலைவர் கேட்டார்.

"இன்னும் இல்லைங்க, புதுசு" என்றார் வெர்லின். "சுட்டாத்தான் தேயும்."

டீக் பேனாவை மூடினார். "அதாவது மாவட்டத்துக்குன்னு வந்த பொருளை வேணும்னே தேய வைக்கப்போறீங்க."

"ஆமா மேடம். அப்பத்தானே எது தேயலைன்னு தெரியும்."

"பொதுச் சொத்தைத் தெரிஞ்சே சேதப்படுத்தினா அதுக்குத் தனிச் சட்டப் பிரிவு இருக்கு மிஸ்டர் குச்சேரா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"இது என் சொத்து மேடம். நான்தான் வாங்கினேன்."

"வாரியத்து மேஜை மேல வச்சிட்டீங்களே" என்றார் டீக், வருத்தத்தோடு.

டாக்டர் லைல் தொண்டையைச் செருமினார். அவர் பேசும்போது ஜன்னலைப் பார்த்துத்தான் பேசுவார். "சுடறதுங்கிறது ரொம்பக் கரடுமுரடான முறை. பழைய காலத்து முறை. நான் இதுவரைக்கும் பதினாலு மாவட்டத்துல ஒப்பீடு நடத்தியிருக்கேன். ஒரு எடத்துலயும் பொருளைப் பயன்படுத்தினதில்லை. பயன்படுத்திட்டா அப்புறம் அது வேற பொருள் ஆயிடுது. நாம ஒப்பிட வந்தது அதை இல்லையே."

இதைக் கேட்டு வாரியம் தலையை ஆட்டியது. வெர்லினும் ஆட்டினார். வேறு காரணத்துக்காக.

அடுத்து, மூன்றுக்கும் பெயர் வைக்க வேண்டியிருந்தது. ஏ, பி, சி என்றால் ஏ-தான் உசத்தி என்ற எண்ணம் வரும் என்றார் லைல். ஒன்று, இரண்டு, மூன்றும் அப்படியே. நிறத்தை வைத்துச் சொல்லலாமே என்றார் வெர்லின். நிறம் என்பது மனசைக் கெடுக்கும் என்றார் லைல். ஒன்றேகால் மணி நேர விவாதத்துக்குப் பிறகு, எந்தப் பாரபட்சத்துக்கும் இடமின்றி மூன்றுக்குமே ஏ என்று பெயர் சூட்டப்பட்டது. அன்றைய என் குறிப்பில் இந்த வரி இருக்கிறது: 'ஏ-யை விட ஏ கனமாக இருப்பதாகத் தலைவர் கருதினார். ஏ-தான் கனம் என்று டாக்டர் லைல் மறுத்தார். இறுதியில் ஏ என்று ஒருமனதாக முடிவானது.'

இரண்டாம் கூட்டத்தில் வெர்லினைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். கையுயர்த்திச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தார்.

"இந்தப் பொருளோட உங்களுக்கு முன்னாடி ஏதாவது தொடர்பு உண்டா?" என்றார் டீக்.

"தொடர்புன்னா?"

"கையில எடுத்திருக்கீங்களா?"

"இருபத்திரண்டு வருஷமா எடுக்கறேன் மேடம். தினமும்."

"அப்போ உங்களுக்குன்னு ஒரு அபிப்பிராயம் உண்டாகியிருக்கும்."

"உண்டாகாம எப்படி?"

டீக் என் பக்கம் திரும்பினார். "சாட்சி பக்கச்சார்பு உள்ளவர்னு எழுதிக்கோங்க மார்லிஸ்."

பிக்ரெல் தம் மெல்லிய குரலில் ஆறுதல் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க வெர்லின். தெரிஞ்சவங்களை நம்பி ஒரு முடிவெடுத்தா அது அவங்க முடிவா ஆயிடும். நான் இன்னிவரைக்கும் துப்பாக்கியையே தொட்டதில்லை. அதனாலதான் என்னைத் தலைவரா போட்டிருக்காங்க."

வெர்லின் வெளியே வந்து என்னிடம், "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா மார்லிஸ்?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கேண்டீனில் மிளகாய்ச் சூப்பும் லவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் வாங்கிக் கொடுத்தேன். ரொட்டியைச் சூப்பில் தோய்த்துக்கொண்டே அவர் சொன்னார், "விரிசல் விட்ட பதினோரு ரைபிளையும் நான் ரோந்துக் கார்லேர்ந்து எடுத்துட்டேன். அதையாவது விட்டாங்களே."

விடவில்லை. மறுவாரம் உத்தரவு வந்தது. ஒப்பீடு முடியும்வரை மாவட்டத்தின் தற்போதைய நிலை மாறாமல் இருந்தால்தான் வருங்கால முன்னேற்றத்தை அளக்க முடியும். ஆகவே பதினோரு ரைபிள்களும் உடனே அந்தந்த ரோந்துக் கார்களுக்குத் திரும்ப வேண்டும்.

வெர்லின் அந்த உத்தரவை மூன்று தடவை படித்தார். சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை அவர். வேகத்தடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியே விடுகிறவர். அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு ரைபிள்களையும் துடைத்து, எண்ணெய் போட்டு, கார்களில் கொண்டுபோய் மாட்டினார். பதினோரு போல்ட்டுகளும் அவர் மேஜை டிராயரில் இருந்தன.

"ரைபிள் கார்ல இருக்கணும்னுதானே போட்டிருக்கு" என்றார். "போல்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் நல்லாப் படிச்சுப் பார்த்துட்டேன்."

பதினோரு டெபுடிகளிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார். ஆகவே மே மாதம் பள்ளிக்கூட வாசலில் ஒரு காளை புகுந்தபோது, தன் காரில் இருப்பது ரைபிள் வடிவத்தில் ஒரு கம்பு என்பது கெண்ட்ராவுக்குத் தெரிந்தே இருந்தது. லாரியிலிருந்து தப்பிய காளை. ஏற்கெனவே இரண்டு கார்க் கதவுகளை நசுக்கிவிட்டிருந்தது. உள்ளே சாப்பாட்டுக் கூடத்தில் நூற்றெண்பது பிள்ளைகள். இடுப்பில் இருந்த கைத்துப்பாக்கியால் அதைச் சுட்டால் அதற்குக் கோபம்தான் அதிகமாகும். கெண்ட்ரா பண்ணையில் வளர்ந்தவள். சமையலறைக்குள் பின்வாசல் வழியாகப் போய், ஒரு தட்டு நிறைய லவங்கப்பட்டை ரொட்டிச் சுருளை எடுத்து வந்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே பின்னால் நடந்து, காளையை டென்னிஸ் மைதானத்துக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். பதினெட்டு ரொட்டி செலவானது.

வெர்லினுக்கு இது ஒரு நல்ல வாய்ப்பாகப் பட்டது. கெண்ட்ராவை வாரியத்துக்கு அழைத்துவந்து நடந்ததைச் சொல்ல வைத்தார். உறுப்பினர்கள் உற்றுக் கேட்டார்கள்.

"ஆக, ரைபிளே இல்லாம நிலைமையைச் சமாளிச்சிருக்கீங்க" என்றார் டீக்.

"வேற வழியில்லாம சமாளிச்சேன் மேடம்."

"பாராட்டுகள். மார்லிஸ், அவசரம் இல்லைன்னு எழுதிக்கோங்க."

லைல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார், "எனக்கு ஒரு சந்தேகம். ரொட்டி எந்தக் கடையுது?"

கெண்ட்ரா வெளியே வந்து சுவரில் தலையை ஒருமுறை லேசாக முட்டிக்கொண்டாள். வெர்லின் அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அதைத் தவிர வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் மாவட்டச் சந்தை வந்தது. பன்றி ஓட்டப் பந்தயத்துக்கும் ஆப்பிள் பை பலகாரப் போட்டிக்கும் நடுவில் ஒரு கூடாரம் போட்டு, வாரியம் மக்கள் கருத்தைக் கேட்டது. ஆளுக்கு ஒரு மதிப்பெண் அட்டை. பளபளப்புக்கு இருபது, எடைக்கு இருபது, தொடும்போது வரும் உணர்வுக்கு இருபது, நாற்றத்துக்குப் பத்து, நாதத்துக்கு முப்பது. நாதம் என்றால், லைல் ஒரு சிறு மரச்சுத்தியால் போல்ட்டைத் தட்டுவார், மெதடிஸ்ட் சபைப் பாடகர் குழுவிலிருந்து மூன்று பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். வெள்ளி நிற ஏ நல்ல சுருதியில் இருப்பதாக அவர்கள் கருதினார்கள். ஜோதிடம் சொல்கிற கூடாரம் என்று நினைத்து வரிசையில் நின்றவர்களும் மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

போல்ட்டில் வெர்லின் தடவி வைத்திருந்த எண்ணெய் வெல்வெட்டைக் கறையாக்குகிறது என்று அதைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்கள். நான்கு நாளில் ஆயிரத்து நூறு பேர் தொட்டார்கள். பன்றி இறைச்சி வறுவல் தின்ற கையும் அதில் அடக்கம். நான்காம் நாள் சாயங்காலம் பிக்ரெல் சாம்பல் நிற ஏ-யைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஓரத்தில் செம்புள்ளியாகத் துரு. கறுப்பு ஏ-யின் பளபளப்பு ஒரு பக்கம் மங்கியிருந்தது. அவர் முகத்தில், முப்பது வருஷத்தில் முதல்முறையாக, சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது.

"தேய்ஞ்சிருக்கு" என்றார். "லோர்னா, இங்க பாருங்க. தேய்ஞ்சிருக்கு."

அன்றிரவே அறிக்கைக்கு ஒரு அத்தியாயம் தயாரானது: 'பரிசீலனையால் ஏற்படும் தேய்மானம்.' ஒரு போல்ட்டுக்கு உண்மையான எதிரி தோட்டா அல்ல, பொதுமக்கள், என்பது அதன் சாரம்.

செப்டம்பரில் ஷெரிஃப் பதவிக்கான தேர்தல் வேலை ஆரம்பித்தது. ஷெரிஃப் பத்திரிகைக்காரர்களுக்கு எதையாவது காட்ட வேண்டும் என்று வாரியத்தைக் கேட்டுக்கொண்டார். எனவே ஒரு விழா ஏற்பாடானது. சுடும் மைதானத்தில், மூன்று ஏ-க்களையும் மூன்று ரைபிளில் பொருத்தி, வாரியத் தலைவர் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தோட்டா சுடுவார். அதற்கு முன் உள்ளழகையும் ஒப்பிட்டுவிட வேண்டும் என்று லைல் மூன்றையும் பிரித்துப் பார்த்தார். பிரிப்பது சுலபம். சேர்க்கும்போதுதான் எது எதனுடையது என்ற கேள்வி வந்தது. மூன்றுக்கும் ஒரே பெயர் வேறு.

விழாவன்று காலை எட்டு மணிக்கு மைதானத்தில் ஆப்பிள் பை பலகாரம் செய்கிற தகரத்தட்டு ஒன்றை வெர்லினிடம் கொடுத்தார்கள். அதில் மூன்று போல்ட்டுகளின் உறுப்புகளும் கலந்து கிடந்தன. கூடவே ஒரு பாதாம் பருப்பு. வெர்லின் மேஜையில் துணி விரித்து அடுக்க ஆரம்பித்தார். வாங்கிய அன்றே ஒவ்வொன்றிலும் ஊசியால் சின்ன அடையாளம் கீறி வைத்திருந்ததால் பத்து நிமிஷத்தில் பிரித்துவிட்டார். பிறகு அவர் கை நின்றது. தட்டைக் கவிழ்த்துப் பார்த்தார். துணியை உதறினார்.

"கேம் பின் ரெண்டுதான் இருக்கு. மூணு இருக்கணும். விரல் கணு அளவுக்கு ஒரு கட்டை ஆணி. யாராவது பார்த்தீங்களா?"

பிக்ரெல் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு, காது மூடியை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"அது இல்லாட்டி என்ன?" என்றார் லைல். "எங்கிட்ட ஒரு பேப்பர்க் கிளிப் இருக்கு."

வெர்லின் அவர் பக்கம் திரும்பினார். அத்தனை மாதத்தில் அவர் குரல் மாறி நான் கேட்டது அப்போதுதான். சத்தம் போடவில்லை. இன்னும் தாழ்த்தித்தான் பேசினார்.

"போல்ட்டைத் திருப்பிப் பூட்டறதே அந்த ஆணிதாங்க. அது இல்லாம சுட்டா, பூட்டாத கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு வெடி வைக்கற மாதிரி. முன்னால போக வேண்டியது மொத்தமும் பின்னால வரும். பின்னால இருக்கிறது நம்ம தலைவரோட முகம்."

பிக்ரெல் காது மூடியைக் கழற்றினார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். வெர்லின் இன்னொரு தடவை சொன்னார். பிக்ரெல் மெதுவாகக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். அவருடைய டையில், நடுவில், ஒரு சிறிய இரும்புக் கட்டை ஆணி குறுக்காகச் செருகியிருந்தது. நடுவில் துளை இருந்ததால் டை ஊசிக்கு வாகாக இருந்தது என்றார். மிச்சம் விழுந்த உறுப்பு என்று நினைத்தாராம். ஒப்பீட்டின் நினைவாக வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்தாராம். சொல்லிவிட்டு ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். எத்தனையோ முகங்களைக் கடைசியாகச் சரிசெய்து அனுப்பியவர். தம் முகம் எந்த நிலையில் யார் கைக்குப் போயிருக்கும் என்று அவருக்கு மற்றவர்களைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"வெர்லின்" என்றார். "உங்களுக்கு என்ன வேணும்?"

வெர்லின் டீக்கைப் பார்த்தார். ஐந்து மாதத்தில் அவரும் சிலது கற்றுக்கொண்டிருந்தார்.

"விழாவை ஒரு பத்து நாள் தள்ளி வையுங்க. இந்த மூணையும் விழாவுக்குத் தயார் பண்ணணும்."

"சோதனை பண்ணக் கூடாது" என்றார் டீக்.

"சோதனை இல்ல மேடம். தயாரிப்பு."

"எப்படித் தயார் பண்ணுவீங்க?"

"ஆளுக்கு ஐயாயிரம் தோட்டா."

டீக் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். சோதனைக்கு எதிராகப் பதினேழு விதிகள் இருந்தன. தயாரிப்புக்கு எதிராக ஒன்றுகூட இல்லை.

அந்தப் பத்து நாளும் வெர்லின் ஒரு குழந்தை மாதிரி இருந்தார். பதினோரு ரைபிள் முடங்கியதால் சுடப்படாமல் கிடந்த பயிற்சித் தோட்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, காலை ஏழு மணிக்கே கெண்ட்ராவோடு மைதானத்துக்குப் போய்விடுவார். நானும் குறிப்பெடுக்கிற சாக்கில் போனேன். வெறும் கூடுகள் கணுக்கால் உயரத்துக்குக் குவிந்தன. ஐந்நூறு தோட்டாவுக்கு ஒருமுறை போல்ட்டை எடுத்து, துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் எழுதுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரமாவது தோட்டாவில் கறுப்பில் இரண்டு ஸ்க்ரூ தளர்ந்தது. மூவாயிரத்து நானூறில் வெள்ளி, கூட்டை வெளியே எறியாமல் பிடித்துக்கொண்டது. சாம்பல் நிறம் கன்னங்கரேலென்று அழுக்காகிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"மேல் பூச்சுல ஒண்ணும் இல்ல மார்லிஸ்" என்றார் வெர்லின், கடைசி நாள், கறுப்புக் கையோடு சாண்ட்விச் தின்றுகொண்டே. "உள்ளிருக்கிற இரும்பு நல்லா இருக்கணும். ஸ்க்ரூவை இறுக்கினவன், அது சுத்தாம இருக்க ஓரத்தை அடிச்சு மடக்கியிருக்கணும். அவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் ஏப்ரல்லேர்ந்து பார்க்கறேன்."

விழா நடந்தது. பிக்ரெல் மூன்று தோட்டா சுட்டார், மூன்றும் மண்மேட்டில் எங்கோ போயின, எல்லாரும் கை தட்டினார்கள். மறுவாரம் வாரியத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை வெளியானது. அதன் கடைசிப் பக்கத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்: 'பரிசீலனைக்குரிய மூன்று பொருள்களும் தேய்ந்துவிட்டபடியால், அவற்றின் தேய்மானத்தை ஒப்பிட இயலவில்லை.'

வெர்லின் அதைப் படித்தார். எதிர்பார்த்த மாதிரி இடிந்துபோகவில்லை. அடுத்த கூட்டத்துக்குச் சவரம் செய்துகொண்டு, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

"அப்போ திரும்பவும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், இல்லீங்களா?" என்றார் லைலிடம்.

"கண்டிப்பா. புது மாதிரிகள் வேணும்" என்றார் லைல். "போன தடவை பண்ணின தப்பே வகைக்கு ஒண்ணு எடுத்ததுதான். ஒண்ணை வச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது. குறைஞ்சது ஒரு நாப்பது இருக்கணும்."

"நாப்பத்தொண்ணு இருந்தா இன்னும் நல்லதுங்களா?"

லைல் ஜன்னலிலிருந்து திரும்பி முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார். "இவர் கத்துக்கிட்டு வர்றார்" என்றார் மற்றவர்களிடம்.

"மூணு வகையும் ஒரே நேரத்துல வந்தாக் குழப்பம். முதல்ல சாம்பல் கலர் வரட்டும்" என்றார் வெர்லின். "அதுல ஒரு குறையும் இல்லாத நாப்பத்தொண்ணு. அடிப்படை மாதிரி."

அடிப்படை மாதிரி என்ற சொல் வாரியத்துக்கு மிகவும் பிடித்திருந்தது. தீர்மானம் நிறைவேறியது. டீக்குக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது.

"வந்ததும் எங்க வைக்கறது? ஒருத்தர் கையும் படக் கூடாது. சந்தையில நடந்தது ஞாபகம் இருக்கில்ல?"

"அதுக்குன்னே செஞ்ச எடம் ஒண்ணு இருக்கு மேடம்" என்றார் வெர்லின். "நாலு பக்கமும் அலுமினியம். தூசி போகாது. வெளியிலேர்ந்து யாரும் தொட முடியாது. நம்ம மாவட்டத்துல நாப்பத்தொண்ணு இருக்கு. பதினொண்ணு ஏற்கெனவே காலி, மிச்சத்தையும் காலி பண்ணிடலாம்."

"காலியாவா? இதுவரைக்கும் ஏன் யாரும் சொல்லலை?"

"கேட்கலைங்களே."

பிக்ரெலுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அவர் கழுத்து டையை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு துக்க முகம் மாறாமல், "முன்மொழிகிறேன்" என்றார்.

நவம்பரில் பெட்டிகள் வந்தன. மூன்றே நாளில் நாற்பத்தோரு மாதிரிகளும் பாதுகாப்பாக வைக்கப்பட்டன. அவற்றைப் பாதுகாத்த அலுமினிய உறைகளுக்கு முன்பக்கம் குழாயும் பின்பக்கம் கட்டையும் அடியில் விசையும் இருந்தன என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் குறிப்பில் எழுதவில்லை. வெர்லினுக்கு மாதிரிக் காப்பாளர் என்று ஒரு பதவியும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் தந்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு எல்லாரோடும் கைகுலுக்கினார். அந்த வாரமே கெண்ட்ரா மைதானத்தில் இருநூறு தோட்டா நிற்காமல் சுட்டாள். சுட்டு முடித்துவிட்டு ரைபிளைத் திறந்து பார்த்து, "ஏழும் இருக்கு" என்றாள். வெர்லின் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

வாரியம் இப்போதும் மாதம் இருமுறை கூடுகிறது. போன கூட்டத்தில் போல்ட் விஷயம் ஒரே வரியில் முடிந்தது: மாதிரிகள் நலம். அடுத்த விஷயம், வாரியத்துக்கே புது நாற்காலி வாங்குவது. பழைய நாற்காலிகளை முந்தின நாளே ஏலம் விட்டாயிற்று. மூன்று வகை நாற்காலிகள் ஜன்னலோரம் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன, மூன்றுக்கும் ஏ என்று சீட்டு ஒட்டி. உட்கார்ந்தால் தேயும் என்பதால் யாரும் உட்காரவில்லை. இரண்டேகால் மணி நேரம் எல்லாரும் நின்றுகொண்டே அவற்றைப் பார்த்தார்கள். நானும் நின்றுகொண்டேதான் எழுதினேன்.